மலையடிவாரப் பிள்ளைகளுக்கு வனத்துறை எடுக்கும் வகுப்பு

அக்டோபர் முதல் வாரம் வந்துவிட்டால், பள்ளியில் தேசிய பசுமைப் படை என்னும் சுற்றுச்சூழல் மன்றத்துக்குப் பொறுப்பாக இருக்கும் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு வன உயிரின வார விழாவின் ஓவியப் போட்டியையும் பேச்சுப் போட்டியையும் நடத்தி முடிப்பதே பெரும்பாடாகிவிடும். புலியை நேரில் பார்த்திராத பிள்ளை படத்தைப் பார்த்துப் புலி வரைவதில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. புலிகள் காப்பகத்தின் துணை இயக்குநர் அலுவலகத்தில் முன்கூட்டியே கடிதம் கொடுத்து, அனுமதி கிடைத்த பகுதிக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, வனத்துறையினரைக் கொண்டே பாடம் நடத்த வைப்பதுதான் பயன் தரும் என்பது என் கட்சி.

களக்காடு முண்டந்துறை, 1988-இல் இரண்டு சரணாலயங்களை இணைத்து உருவாக்கப்பட்டது; தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இதுதான். இதையெல்லாம் வகுப்பறையிலேயே சொல்லிவிடலாம். வகுப்பறையில் சொல்ல முடியாததைப் பாபநாசம் சோதனைச் சாவடியே தொடங்கிவைக்கிறது. பைகளைத் திறக்கச் சொல்லி, ஞெகிழிப் பைகளையும் பிஸ்கட் உறைகளையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். கீழே படித்துறையில் பரிகாரம் என்ற பெயரில் ஆற்றில் விடப்படும் பழந்துணிகளைப் பிள்ளைகள் பார்த்துவிட்டு வந்திருப்பதால், ஏன் இந்தக் கெடுபிடி என்று யாரும் கேட்பதில்லை.

வனச்சரகர் வரவேற்றுச் சில வார்த்தைகள் பேசுவார். ஆனால் உண்மையான ஆசிரியர் அவருக்குப் பின்னால் நிற்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்தான். பெரும்பாலும் உள்ளூர்க்காரராகவோ, இந்த மலையில் வாழும் காணிப் பழங்குடியைச் சேர்ந்தவராகவோ இருப்பார். அப்படி ஒருவர் உடைந்து கிடந்த கரையான் புற்றுக்கு முன்னால் எங்களை நிறுத்தி, “ஏலே மக்கா, இது யாரு பாத்த வேலைன்னு சொல்லுங்க பாப்போம்” என்றார். பன்றி என்றான் ஒருவன். மண்வெட்டி என்றான் இன்னொருவன். அவர் குந்தி உட்கார்ந்து, ஈர மண்ணில் இணையாக இறங்கியிருந்த நகக் கீறல்களை ஒரு குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். கரடிக்கு மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டு கிடையாது என்றும், அந்த இடைவெளி வழியாகத்தான் அது கரையானை உறிஞ்சி எடுக்கிறது என்றும் சொல்லி, உதட்டைக் குவித்து அந்த ஓசையையும் எழுப்பிக் காட்டினார். சற்றுத் தள்ளிக் கிடந்த காய்ந்த எச்சத்தைப் பிரித்து, அதிலிருந்த மான் முடியையும் காட்டினார். ‘புலி வருமா சார்?’ என்ற ஓயாத கேள்வி அதன் பிறகு எழவே இல்லை.

நகரத்துப் பிள்ளைகளுக்குக் காடு வேடிக்கை பார்க்கும் இடம். கடையம், களக்காடு பக்கத்துப் பிள்ளைகளுக்கோ அது வயலுக்கு அடுத்த வரப்பு. அதனால்தான் வனத்துறை முன்கூட்டியே தயாரித்து வைத்திருக்கும் பேச்சு இங்கே எடுபடுவதில்லை. “எங்க வாழையப் பன்னி அழிச்சிட்டுப் போயிருக்கு, நீங்க அதையே காப்பாத்தச் சொல்லுதியளே சார்” என்று ஒரு மாணவன் எழுந்து கேட்டபோது, வனவர் அவனை அமர்த்தப் பார்க்காமல், பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு கேட்டு மனுக் கொடுக்கும் முறையை முதலில் விளக்கினார். சேதமான இடத்தைப் படமெடுத்து வைக்கச் சொன்னார். அதன் பிறகுதான், பன்றியைத் தின்னும் புலியும் சிறுத்தையும் செந்நாயும் காட்டில் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கும், ஊருக்குள் கொட்டும் மிச்சச் சோறு பன்றியையும் கரடியையும் எப்படி இழுக்கிறது என்பதற்கும் வந்தார். வரிசை மாறியிருந்தால் அந்தப் பையன் காதை மூடிக்கொண்டிருப்பான். மலையடிவாரத்தில் இத்தகைய நிகழ்ச்சி எதுவும் பிள்ளைகளின் வீட்டுக் குறையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு மலையைவிடக் கூந்தன்குளம் பொருத்தமானது. 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்த ஊரில், வீட்டுக் கொல்லை மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டுகின்றன. எச்சம் கரைந்த குளத்து நீர் வயலுக்கு உரமாகிறது. பறவைகள் மிரளக்கூடாது என்று ஊரார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. காட்டில் கேட்ட குறைக்கு மறுபக்கம் ஒன்று உண்டு என்பதை இங்கே யாரும் சொற்பொழிவாற்றி விளக்க வேண்டியதில்லை. வரித்தலை வாத்துகளைப் பார்க்க வேண்டுமானால் பனிக்காலத்தில், வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும்.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பேருந்து நிறையப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் ஒரே காவலரிடம் ஒப்படைக்காதீர்கள். பின்வரிசைக்குக் குச்சியின் நுனிகூடத் தெரியாது. சிறு குழுக்களாகப் பிரித்து அனுப்ப முடியாவிட்டால், பாதிப் பேரை அடுத்த மாதத்துக்கு ஒத்திவையுங்கள். குழுப் படமும் சான்றிதழும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.