கடல் அரித்த எல்லையும் ஹார்பர் ஹெட் காயலும்

நிகரகுவாவுக்கும் கோஸ்டாரிகாவுக்கும் இடையே கரீபியக் கடலோரத்தில் நடந்த எல்லை வழக்கு சேலத்துக்காரர்களுக்கு அந்நியமானதாகத் தோன்றாது. ஏற்காடு அடிவாரத்தில் ஓடையை எல்லையாகக் காட்டும் பத்திரங்கள் உண்டு. பெருமழையில் ஓடை திசை மாறினால், எல்லை பழைய தடத்திலா புதிய தடத்திலா என்று பங்காளிகள் சர்வேயரைத் தேடிப் போவார்கள்.

1858ஆம் ஆண்டு ஒப்பந்தம், சான் ஹுவான் ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த புந்தா தெ காஸ்தில்யா என்ற முனையிலிருந்து எல்லையைத் தொடங்கியது. 1897இல் அளக்க வந்த அமெரிக்கப் பொறியாளர் எட்வர்ட் போர்ட்டர் அலெக்சாண்டர், அந்த முனையைக் கடல் விழுங்கிவிட்டதைக் கண்டு, ஹார்பர் ஹெட் காயலின் நீர்விளிம்பைச் சுற்றிப் போய், முதலில் எதிர்ப்படும் கால்வாய் வழியாக ஆற்றை அடையும் கோட்டை வகுத்தார். இந்தக் கரைகள் இனியும் மாறும், அப்போது எல்லையும் பாதிக்கப்படும் என்று அவ்வாண்டே எழுதியும் வைத்தார். அந்த முன்யோசனையை நான் மிகவும் மதிக்கிறேன்.

காயலும் அதன் முன்னுள்ள மணல்திட்டும் நிகரகுவாவுடையவை என்பதில் இரு நாடுகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. காயலுக்கும் ஆற்று முகத்துவாரத்துக்கும் இடைப்பட்ட கடற்கரை யாருடையது என்பதே தாவா. நிகரகுவா அங்கே ராணுவ முகாம் அமைத்ததால் 2017இல் கோஸ்டாரிகா மீண்டும் சர்வதேச நீதிமன்றத்துக்குச் சென்றது. நீதிமன்றம் ஏற்கெனவே நியமித்திருந்த இரு நிபுணர்கள் நேரில் ஆய்வு செய்து, கரையோரமாக ஆற்றையும் காயலையும் இணைக்கும் கால்வாய் எதுவும் இப்போது இல்லை என்று தெரிவித்திருந்தனர். அக்கரையைக் கோஸ்டாரிகா நிலத்திலிருந்து பிரிக்கும் நீர்வழி இல்லாததால், 2018 பிப்ரவரி 2ஆம் நாள் தீர்ப்பு கடற்கரையைக் கோஸ்டாரிகாவுக்கு அளித்து, முகாமை அகற்றச் சொன்னது. காயலும் மணல்திட்டும் மட்டும் தாய்நாட்டு நிலத்தோடு தொடர்பற்ற நிகரகுவாத் துண்டாக மிஞ்சின.

இத்துண்டுக்குத் தனிக் கடற்பரப்பு கிடைக்குமா என்ற கேள்விக்கு நீதிமன்றம் தந்த விடைதான் இத்தீர்ப்பின் சிறந்த பகுதி என்பேன். அப்படிக் கொடுத்தால் நிகரகுவாவுக்குப் பயன் சொற்பம், கோஸ்டாரிகாவின் கடற்பரப்போ துண்டுபடும் என்று கூறி, கடல் எல்லை வகுப்பில் அதைக் கணக்கில் எடுக்க மறுத்தது. முகத்துவாரம் நிலையற்றது என்பதால், கரையிலிருந்து 2 கடல் மைல் தொலைவில் நிலையான புள்ளி ஒன்றைக் குறித்து, அதிலிருந்து கரை வரை, முகத்துவாரம் மாறும்போது தானும் நகரும் கோடு ஒன்றை இழுத்ததும் அதே விவேகத்தின் விளைவே.

என் கவலை அந்த மணல்திட்டைப் பற்றியது. கால்வாயை மறையச் செய்த அரிப்பு அதையும் தேய்த்துவிட்டால், கடலிலிருந்து காயலைப் பிரிக்கும் கரையே இராது. இரு நாட்டு அளவையாளர்களும் அங்கே சேர்ந்து சென்று முறையாக அளந்து பதிவு செய்வது அதற்குள் தொடங்க வேண்டும்.