ஆறு படி ஏறினால் எங்கள் கக்கூஸ்

சித்திரை முடிகிற வாரத்தில், எங்கள் கக்கூஸுக்கு அடியில் மலம் சேர்ந்து மக்குகிற இரண்டு அறைகளில் முதல் அறையைத் திறந்தோம். இப்படி ஒரு நாள் வரும் என்று பதினான்கு மாதமாகத் தெரியும். இருந்தாலும் அன்று காலை காபி குடித்து முடித்த பிறகும் நானும் வீட்டுக்காரரும் கொஞ்ச நேரம் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை.

எங்கள் வீடு முசிறிக்கும் தொட்டியத்துக்கும் நடுவில், காவிரியின் வடகரையில், வாழைத் தோட்டங்களுக்குள்ளே இருக்கிறது. மொத்தமே 320 சதுர அடி. ஒரு அறை, சமையல் மேடை, முன்னால் திண்ணை. இபி லைன் இன்னும் வரவில்லை. கூரையில் இரண்டு சோலார் தகடு, உள்ளே ஒரு பேட்டரி. விளக்கும் மின்விசிறியும் ஓடும், மிக்ஸி பகலில் மட்டும். தண்ணீருக்குக் கைப்பம்பு. திருச்சியில் இருபது வருஷம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு 2022 தை மாதம் இங்கே குடிவந்தோம். நான், வீட்டுக்காரர், என் மாமியார். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

வீடு கட்ட மூன்று மாதம் ஆனது. கக்கூஸ் எப்படிக் கட்டுவது என்ற பேச்சு அதற்கும் முன்னாலிருந்தே ஓடியது.

கொத்தனார் வழக்கம்போல, “உறை இறக்கிடலாம்க்கா, ஒரு நாள் வேலை” என்றார். ஆற்றில் தண்ணீர் ஓடுகிற மாதங்களில் எங்கள் நிலத்தில் ஆறடி தோண்டினாலே ஊற்றுக் கிளம்பும். உறைக்குழியின் அடி அந்த ஈரத்தைத் தொட்டால் குழியில் இருப்பது நிலத்தடி நீரில் கலக்கும். நாங்கள் குடிக்கிற கைப்பம்பு அங்கிருந்து நாற்பதடிதான். சரி, செப்டிக் டேங்க் கட்டலாம் என்றால், அதிலிருந்து வழிகிற தண்ணீர் எங்காவது போய்த்தான் ஆகணும். நாலைந்து வருஷத்துக்கு ஒரு முறை உறிஞ்சுகிற லாரி வரணும். எங்கள் வரப்பில் டிராக்டர் வருவதே பெரும்பாடு. இதெல்லாம் போக, ஒவ்வொரு தடவையும் ஊற்றுவதற்கு ஒரு வாளித் தண்ணீரைக் கையால் அடித்து எடுக்கணும். எழுபத்து நாலு வயது அத்தைக்கு அது ஆகாது.

இந்த விஷயத்தில் நாங்கள் கொடுத்து வைத்தவர்கள். முசிறி பக்கத்திலேயே இருந்தது. மண்ணோடு சேரும் கழிப்பறை என்றால் வெளிநாட்டுக்காரர்கள் மரவீட்டில் வைத்துக்கொள்வது என்று நினைப்பவர்கள் முசிறிக்கு ஒரு நடை வந்து பார்க்கணும். ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனமும் அதைத் தொடங்கிய சுப்புராமனும் இந்த வட்டாரத்தில் எக்கோசான் கழிப்பறைகளை, அதாவது சிறுநீரையும் மலத்தையும் பிரித்துச் சேர்த்து உரமாக்குகிற கழிப்பறைகளை, வீடு வீடாகக் கட்டிக்கொடுத்தவர்கள். 2006இல் முசிறியில் பொதுக் கழிப்பறையையே இந்த முறையில் கட்டினார்கள். பிறகு, போகிறவர்களிடம் காசு வாங்காமல், போகிறவர்களுக்குக் காசு கொடுத்தார்கள். சிறுநீரும் மலமும் உரம் என்பதால், கொடுத்தவருக்கு விலை. சுப்புராமனுக்கு 2021இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது இந்தப் பக்கம் பலருக்கும் அது சொந்த வீட்டுச் செய்தி மாதிரி இருந்தது.

ஆக, எக்கோசான் என்று முடிவு செய்தோம். அத்தையிடம் சொன்னேன். அத்தை படம் பார்த்தார். இரண்டு அறை, பின்னால் இரண்டு சின்னக் கதவு. அந்தக் கதவின் மேல் விரலை வைத்தார்.

“இது எடுப்பு கக்கூஸ்தானேம்மா?”

அத்தை பிறந்தது திருச்சியில் ஒரு பழைய தெரு. வீடுகளின் பின்புறம் ஆள் மட்டும் போகிற அளவுக்கு ஒரு சந்து. ஒவ்வொரு வீட்டுக் கக்கூஸுக்கும் சந்துப் பக்கம் முழங்கால் உயரத்தில் ஒரு ஓட்டை. விடியற்காலையில் ஒரு அம்மா தகர வாளியும் தகரத் தட்டுமாக வருவார். அந்த அம்மாவின் பேர் அத்தைக்குக் கடைசி வரை தெரியாதாம். தீபாவளிக்குப் பலகாரத்தைத் திண்ணை ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிடணும், கையில் கொடுக்கக்கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். ஒரு மழைநாளில் வாளி ஒழுகி அந்த அம்மாவின் தலைச் சும்மாடு நனைந்து முகத்தில் வழிந்ததை அத்தை மாடி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறார். “அதைப் பாத்த கண்ணு இது. எம் வீட்டுல அந்தக் கதவ வெக்காத” என்றார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நாற்றம் வரும், ஈ வரும், சாஸ்திரம் ஒத்துக்காது என்றெல்லாம் சொல்வார் என எதிர்பார்த்து அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தேன். இதற்கு வைத்திருக்கவில்லை. பெயரிலேயே அந்தச் சிக்கல் இருக்கிறது. எக்கோசானையும் ‘உலர் கழிப்பறை’ என்பார்கள். நம் ஊரில் எடுப்புக் கக்கூஸுக்கும் சர்க்கார் பெயர் அதுதான். 1993இலும் 2013இலும் சட்டம் போட்டுத் தடை செய்தது அந்த எடுப்புக் கக்கூஸைத்தான்.

அந்த 2013 சட்டத்தை அப்புறம் உட்கார்ந்து படித்தேன். சுகாதாரமற்ற கழிப்பறை எது என்பதற்கு அதில் ஒரு விளக்கம் உண்டு. மலம் முழுமையாக மக்குவதற்கு முன்னால் அதை ஒரு மனிதர் கையால் கையாள வேண்டியிருந்தால் அது சுகாதாரமற்றது. ‘மக்குவதற்கு முன்னால்’ என்பதைப் பென்சிலால் கோடு போட்டு அத்தையிடம் காட்டினேன். நம் வீட்டில் ஒரு அறை நிறைந்ததும் மூடிவிடுவோம், வருஷத்துக்கு மேல் தொடமாட்டோம், அதற்குள் மற்ற அறையைப் பயன்படுத்துவோம் என்று சொன்னேன். திருச்சியில் நாங்கள் இருந்த அடுக்ககத்தில் செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்டபோது ஒருவர் பனியனோடு இடுப்பளவு இறங்கியதை அத்தையும் பார்த்திருக்கிறார். தண்ணீர் ஊற்றிவிட்டால் கண்ணுக்கு மறையுமே தவிர, கடைசியில் யாரோ ஒருவர் இறங்கத்தான் செய்கிறார் என்றேன்.

அத்தை ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அப்ப அத யாரு அள்ளுவா?”

“நாங்க ரெண்டு பேரும்தான், அத்தை. கூலிக்கு ஆள் வைக்க மாட்டோம்.”

“சரி” என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் செங்கல் இறக்கினோம்.

தரைக்கு மேலே ஒரு அடி மண் மேடு, அதன் மேல் காங்கிரீட் தளம், தளத்தின் மேல் இரண்டு அறைகள். ஒவ்வொன்றும் மூன்றடி அகலம், நாலடி நீளம், இரண்டே முக்கால் அடி உயரம். அதன் மேல்தான் கக்கூஸ், அதனால் ஆறு படி ஏறணும். அத்தைக்காக இரண்டு பக்கமும் கைப்பிடி. உள்ளே இருக்கிற பேசினில் மூன்று இடம்: முன்னால் ஒன்றுக்குப் போக, நடுவில் இரண்டுக்குப் போக மூடியோடு ஒரு துளை, பின்னால் கால் கழுவ. காகிதம் பயன்படுத்துகிற நாட்டுக்காரர்களுக்கு இந்த மூன்றாவது இடம் தேவைப்படாது. நமக்கு அது இல்லாமல் நடக்காது. கழுவுகிற தண்ணீர் தனிக் குழாயில் போய் ஜல்லியும் மணலும் போட்ட பாத்தியில் விழும். அதில் கல்வாழை வைத்திருக்கிறேன். என் தோட்டத்திலேயே செழிப்பாக இருப்பது அதுதான்.

முறையின் உயிரே இப்படிப் பிரிப்பதில்தான் இருக்கிறது. சிறுநீரும் மலமும் கலந்து ஈரமானால்தான் அந்தக் குடலைப் பிடுங்குகிற நாற்றம். பிரித்துவிட்டால் மலம் காயத் தொடங்கும். போனதும் ஒரு கொட்டாங்குச்சி சாம்பல் போட்டு மூடிவிடணும். நாங்கள் அடுப்புச் சாம்பலோடு மரப்பட்டறையிலிருந்து மரத்தூளும் வாங்கிக் கலந்துகொள்கிறோம். சாம்பலை மட்டும் போட்டால் நடப்பது பெரும்பாலும் உலர்தல், மக்குதல் அல்ல. சாம்பலின் காரம் கிருமியைக் கொல்லும், ஆனால் மக்க வைக்கிற நுண்ணுயிரையும் முடக்கும். மரத்தூள் ஈரத்தைக் குடித்து, மக்குவதற்கு வேண்டிய கரிச்சத்தைக் கொடுக்கும். இரண்டு அறை வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது புதுசு ஒன்றும் இல்லை. வியட்நாமில் 1956இலிருந்தே கிராமங்களில் இப்படிக் கட்டினார்கள்.

சிறுநீர் ஒரு இருபது லிட்டர் கேனில் சேரும். நம் உடம்பிலிருந்து போகிற தழைச்சத்தில் பெரும்பங்கு இதில்தான் இருக்கிறது. நாங்கள் யூரியா வாங்கித் தோட்டத்துக்குப் போட்டுக்கொண்டே இதைக் கழிவு என்று கொட்டி வந்திருக்கிறோம். ஒரு மாதம் இறுக்கமாக மூடி வைத்து, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, வாழைக்கு அடியில் சின்னப் பள்ளம் பறித்து ஊற்றி மண் தள்ளிவிடுவார் வீட்டுக்காரர். மூடாமல் வைத்தால் அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும், மூக்கும் எரியும். குழாயை இரும்பில் போடக்கூடாது, அரித்துவிடும். பிவிசிதான், அதுவும் நல்ல சரிவாக. சரிவு குறைவாக இருந்த ஒரு வளைவில் ஆறு மாதத்தில் வெள்ளையாகக் கல் படிந்து அடைத்துக்கொண்டது. கழற்றித் தட்டி எடுத்தோம்.

2022 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து கிட்டத்தட்ட இரண்டு லட்சம் கனஅடி வந்தபோது தோட்டத்தில் கணுக்கால் அளவு நீர் நின்றது. பக்கத்துத் தோட்டத்து உறைக்குழி பொங்கி வழிந்து, அந்த வீட்டுப் பெண்கள் நாலு நாள் எங்கள் படி ஏறி வந்தார்கள். ஒரு அடி மேடு போட்டதற்கு அன்று கொத்தனாரை மனதார வாழ்த்தினேன்.

கஷ்டமும் பட்டோம். அதையும் சொல்லணும். 2023 பொங்கலுக்குச் சொந்தக்காரர்கள் பதினான்கு பேர் வந்தார்கள். வந்த ஒவ்வொருவருக்கும் எடுத்துச் சொன்னேன், சுவரில் எழுதியும் ஒட்டினேன். ஆனாலும் கை பழக்கத்தை விடாது. யாரோ ஒருவர் வெளிப் பீப்பாயிலிருந்து ஒரு முழு வாளித் தண்ணீரை நடுத்துளையில் ஊற்றிவிட்டார்கள். மாட்டுப்பொங்கல் அன்று சாயங்காலம் நாற்றம் திண்ணை வரைக்கும் வந்தது. மறுநாள் பின்கதவின் இடுக்கில் புழு. எல்லாரும் ஊருக்குப் போன பிறகு மூன்று மூட்டை மரத்தூளும் இரண்டு கூடைச் சாம்பலும் கொட்டி, காற்றுக் குழாய்க்குக் கறுப்பு பெயிண்ட் அடித்து, அதன் வாயில் கொசுவலையைப் புதிதாகக் கட்டினோம். வெயிலில் கறுப்புக் குழாய் சுட்டால் உள்ளே இருக்கிற காற்று மேலே ஏறும். ஐந்தாவது நாள் நாற்றம் அடங்கியது. இப்போது விருந்தாளிகள் வந்தால் முதல் தடவை நானே கூடப் போய் மூடி, கொட்டாங்குச்சி, கழுவுகிற இடம் மூன்றையும் தொட்டுக் காட்டிவிட்டு வருகிறேன். கூச்சப்பட்டால் வேலைக்கு ஆகாது.

அந்த மார்ச்சில் முதல் அறை நிறைந்தது. நடுத்துளையைப் பலகைக்கல் வைத்து அடைத்தோம். பின்கதவின் பூச்சு காய்வதற்கு முன் ஆணியால் 15.3.23 என்று கீறி வைத்தேன். வெப்ப நாடுகளில் ஓராண்டுக்கு மேல் விடணும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டி. உருண்டைப் புழுவின் முட்டைதான் எல்லாவற்றிலும் பிடிவாதமானது, அது சாகிற வரை காத்திருக்கணும். நாங்கள் பதினான்கு மாதம் விட்டோம்.

அன்று காலை கையுறையும் முகத்துணியும் மாட்டிக்கொண்டு வீட்டுக்காரர் உளியால் பூச்சைத் தட்டினார். பலகை இரண்டாக உடைந்து விழுந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவள் மெதுவாக விட்டேன். மழைக்கு ஒதுங்குகிற கொட்டகையில் பழைய சாக்கு அடுக்கி வைத்தால் ஒரு வாசனை வருமே, அதுதான் வந்தது. மண்வெட்டியை வைத்ததும் பொலபொலவென்று சரிந்தது. சாம்பல் பழுப்பு நிறம். இடையிடையே மக்காத மரச்சுருள், ஒரு சட்டைப் பொத்தான். எருக்குழி அடியில் கிடக்கிற நாள்பட்ட எருவுக்கும் இதற்கும் பார்வையில் வித்தியாசம் சொல்ல முடியாது, இது இன்னும் லேசாக இருந்தது. ஒன்பது சிமெண்ட் சாக்கு நிறைந்தது. மா, தென்னை இரண்டுக்கும் தூரில் வட்டமாகப் பறித்துப் போட்டு மண்ணால் மூடினோம். கீரைக்கும் கத்தரிக்கும் போடவில்லை, போடவும் மாட்டோம்.

அத்தை கைத்தடியோடு வந்து நின்று கடைசிச் சாக்கு வரை பார்த்தார். கொஞ்சம் குனிந்து ஒரு சாக்கின் வாயைத் தடியால் விலக்கிப் பார்த்தார். நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லவில்லை. நாங்கள் குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் பேசினார்.

“இன்னும் பதினஞ்சு வருஷம் போனா உங்களால குனிஞ்சு அள்ள முடியாது. அப்ப ஆள் கூப்பிடுவீங்க.”

வீட்டுக்காரர், எரு மாதிரிதானே ஆகிவிட்டது, அப்போது யார் அள்ளினால் என்ன என்றார். எருதான், அதில் பொய் இல்லை. ஆனால் கூலிக்கு என்று யாரைக் கூப்பிட்டால் வருவார்கள், யாரைக் கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அன்று அதற்கு மேல் பேச்சு ஓடவில்லை.

இரண்டு நாள் கழித்து அளவு நாடாவோடு கக்கூஸின் பின்பக்கம் போனேன். இப்போது கதவு முழங்காலுக்குக் கீழே இருக்கிறது, அதனால்தான் குனிய வேண்டியிருக்கிறது. மண்ணை இன்னும் ஒன்றரை அடி உயர்த்தி அறையின் தளத்தைக் கதவுப் பக்கம் சரிவாகப் போட்டால், பலகையை எடுத்ததும் எரு தானாகத் தள்ளுவண்டிக்குள் சரியும். நின்றபடி ஒரு கைக்களைக்கொட்டால் இழுத்துவிடலாம். எழுபது வயதிலும் இழுக்கலாம். அத்தையிடம் தாளில் வரைந்து காட்டினேன். படி ஆறு போதாது, இரண்டு கூடும், அதற்குக் கைப்பிடியையும் நீட்டணும் என்றார். காலியாக இருக்கிற முதல் அறையில்தான் முதலில் செய்து பார்க்கணும், இரண்டாவது அறை நிறைவதற்குள். கொத்தனார் அடுத்த புதன்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.