உதடு அசைஞ்சுது சார்

முப்பது வருஷமாக ஆடிட்டர் வேலை. எண்ணைப் பார்த்தால் மனசு தானாகக் கூட்டிவிடும். முன்னால் போகிற வண்டியின் நம்பரைக்கூட விடாது. கோல்ஃபில் என்னைக் கவிழ்ப்பதும் இந்தப் பழக்கம்தான் என்று புரிய வெகுநாள் ஆனது.

சென்னையில் ஒரு ஞாயிறு காலை. வெயில் ஏறுவதற்குள் முடிக்கலாம் என்று ஆறு மணிக்கே இறங்கினோம். அன்று தொட்டதெல்லாம் துலங்கியது. கோல்ஃபில் குறைந்த அடியில் முடிப்பவனே கெட்டிக்காரன். மொத்தம் 18 ஹோல், அதாவது குழி. 17 ஹோல் முடிந்தபோது 84 அடி. கடைசி ஹோல் பார் 4, அதாவது நாலு அடியில் முடிக்க வேண்டியது. அதைவிட ஒன்று கூடுதலாக, போகி போட்டாலே 89. ஆட ஆரம்பித்த நாளிலிருந்து ஒருமுறைகூட 90-க்குள் முடித்ததில்லை.

மூன்றாவது அடியில் கிரீனுக்கு, குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரைக்கு, வந்தாயிற்று. முதல் பட் (குழியை நோக்கிப் பந்தை உருட்டும் அடி) குழிக்கு மூன்றடி தள்ளி நின்றது. குழியின் அகலம் நாலேகால் அங்குலம். வீட்டுக் கம்பளத்தில் டம்ளரை வைத்து நூறு தடவை போட்ட தூரம்தான். பந்து வலது விளிம்பில் உரசி இரண்டடி தாண்டிப் போய் நின்றது. அதையும் விட்டேன். 91.

கோல்ஃபில் பை சுமக்கும் உதவியாளுக்குக் கேடி என்று பெயர். பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த கேடி அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "கணக்கு போட்டீங்கல்ல சார்? உதடு அசைஞ்சுது" என்றார்.

அன்று ராத்திரி 1999 பிரிட்டிஷ் ஓப்பன் கோல்ஃப் போட்டியின் காட்சியை மறுபடி போட்டுப் பார்த்தேன். கார்னூஸ்டி மைதானம். பிரான்ஸின் ழான் வான் டி வெல்டேவுக்குக் கடைசி ஹோலில் 6 போதும், கோப்பை கையில். அவர் எடுத்தது 7. சமன் ஆனதால் நடந்த பிளேஆஃபில் பால் லாரி ஜெயித்தார். பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஓடைத் தண்ணீரில் வான் டி வெல்டே நின்றதைத்தான் எல்லாரும் சொல்லிச் சிரிப்பார்கள். என் கண் வேறிடத்தில் நின்றது. மணல் குழியிலிருந்து வந்த பந்து குழிக்கு ஆறேழு அடி தள்ளி நிற்கிறது. அந்த பட்டைச் சுத்தமாகப் போட்டுவிடுகிறார்! தொழில்முறை ஆட்டக்காரர்களே எட்டடியிலிருந்து ஏறக்குறைய பாதிதான் போடுகிறார்கள். கோப்பைக்கு இருந்த 6 கைநழுவிப் போன பிறகு கை ஒழுங்காக வேலை செய்தது. இது என் ஊகம்தான். அவர் மனசுக்குள் என்ன ஓடியதோ.

என் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பந்தை ஒரு தடவை அடிக்க இரண்டு விநாடி என்றால் 90 தடவைக்கு மூன்று நிமிஷம். சுற்று முடிய நாலு மணி நேரத்துக்கு மேல். மிச்ச நேரமெல்லாம் மனசு சும்மா இருக்குமா?

அமெரிக்க கோல்ஃப் வீரர் ஜாக் நிக்லஸ் அடிக்கும் முன் பந்து எங்கே விழும், எப்படிப் பறக்கும் என்பதை மனசுக்குள் படமாகப் பார்த்துக்கொள்வாராம். நானும் முயன்றேன். என் படத்தில் குளம் மட்டுமே தெளிவாகத் தெரிந்தது. அதை விட்டுவிட்டேன்.

இப்போது செய்வது வேறு. ஸ்கோர் கார்டு நண்பன் பையில். பதினெட்டும் முடியும்வரை நான் கேட்கக் கூடாது, அவனும் சொல்லக் கூடாது. மோசமான அடிக்குத் திட்டலாம், ஆனால் கிளப் (மட்டை) பைக்குள் போகும்வரைதான். பட்டுக்குக் குனியும்போது ஏதாவது பாட்டை முணுமுணுக்கச் சொன்னது கேடி அண்ணன். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் வாயில் பாட்டு ஓடும்போது கூட்டல் ஓட மாட்டேன் என்கிறது.

போன வாரம் கடைசி கிரீனில் மறுபடியும் அதே மூன்றடி. போட்டேன், விழுந்தது. நண்பன் கார்டை நீட்டினான்: 93.

"இன்னைக்கும் உதடு அசைஞ்சுதாண்ணே?"

"அசைஞ்சுது சார். சுருதிதான் சேரல."