சௌரானும் ரேண்டும் மோதினால்: மோதிரம் எங்கே இருக்கிறது?

ஃபேண்டசி நாவல் பைத்தியங்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்த வாதம் எப்படியும் வந்துவிடும். டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ வில்லன் சௌரானும் ராபர்ட் ஜோர்டனின் ‘வீல் ஆஃப் டைம்’ நாயகன் ரேண்ட் அல்தோரும் நேருக்கு நேர் நின்றால் ஜெயிப்பது யார்? ஐந்தே நிமிடத்தில் யாராவது தீர்ப்பு சொல்லிவிடுவார்கள்: ரேண்டிடம் பட்டவனை இல்லாமலே ஆக்கும் பேல்ஃபயர் என்ற ஆயுதம் இருக்கிறது, கதை முடிந்தது. கதை அங்கே முடியவில்லை என்பது என் கட்சி. பேல்ஃபயர் சௌரானைக் கொல்லும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கொன்றபின், சௌரான் தன் சக்தியை ஊற்றி வார்த்த மோதிரம் எங்கே கிடக்கிறது, அதை யார் குனிந்து எடுக்கிறார்கள் என்பதில்தான் மிச்சம் எல்லாம் இருக்கிறது.

(இரண்டு தொடர்களின் முடிவையும் போட்டு உடைக்கப் போகிறேன். படிக்காதவர்கள் இங்கேயே திரும்பிக்கொள்ளுங்கள்.)

முதலில் களத்தை முடிவு செய்துகொள்ள வேண்டும். ரேண்டின் சக்தி அவன் உடம்பில் ஊறுவது கிடையாது. காலச்சக்கரத்தைச் சுழற்றுகிற ஊற்றின் ஆண்பாதியான சாயிடினைப் பிடித்து இழுத்து, இழைகளாகப் பின்னித்தான் அவன் எதையும் செய்கிறான். அவன் உலகத்திலேயே ஓகியர் என்ற இனத்தாரின் வாழ்விடமான ஸ்டெடிங்குக்குள் கால் வைத்தால் சாயிடின் எட்டாது. சௌரானின் உலகமான மிடில்-எர்த்தில் சக்கரமே இல்லை, ஆகவே அது மொத்தமும் ஒரு பெரிய ஸ்டெடிங் என்று சௌரான் தரப்பு அடம்பிடித்தால் நியாயம்தான். ஆனால் அப்புறம் சண்டையே இல்லை. ரேண்ட் வாள்வித்தையில் தேர்ந்தவன்தான், ஆனாலும் செமிரேக் என்ற எதிரியிடம் இடது கையைப் பறிகொடுத்தவன். ஓரொட்ருயின் எரிமலையின் அடிவாரத்தில் எல்ஃப் அரசன் கில்-கலாடும் மனித அரசன் எலெண்டிலும் இரண்டு பேராகச் சேர்ந்து சௌரானை வீழ்த்தி, இரண்டு பேருமே செத்தார்கள். அதனால் சாயிடின் வேலை செய்யும் என்று ரேண்ட் தரப்புக்கு விட்டுக்கொடுப்போம். பதிலுக்கு மோதிரத்தின் விதிகள் அப்படியே நிற்கும் என்று சௌரான் தரப்புக்கு விட்டுக்கொடுப்போம்.

திரைப்படத்தில் கதாயுதத்தைச் சுழற்றி ஆட்களைக் கொத்துக்கொத்தாகப் பறக்கவிடும் சௌரானை மறந்துவிடுங்கள். புத்தகத்தில் அவனுடைய சண்டைக் கணக்கு பரிதாபமானது. முதல் யுகத்தில் ஓநாய்த் தீவின் பாலத்தில் ஓநாயாக உருமாறி வந்தான். ஹுவான் என்ற வேட்டைநாய் குரல்வளையைக் கவ்வியது. பாம்பானான், பின் சொந்த உருவுக்கே வந்தான், பிடி விடவில்லை. கடைசியில் தீவை லூத்தியன் என்ற எல்ஃப் இளவரசியிடம் ஒப்படைத்துவிட்டு வௌவால் உருவெடுத்து, கழுத்தில் ரத்தம் சொட்டப் பறந்து போனான். இரண்டாம் யுகம் 3262-இல் நூமெனோர் தீவின் அரசன் அர்-ஃபரசோனின் படையைப் பார்த்துத் தன் சேவகர்களே ஓடிவிட, ஒரு அடிகூட அடிக்காமல் சரணடைந்தான். 3441-இல் மோதிரம் விரலில் இருக்கும்போதே வீழ்ந்தான்.

அவன் சுத்தமாக ஜெயித்த மோதல்களை எண்ணிப் பாருங்கள். ஃபின்ரோட் என்ற எல்ஃப் அரசனை வென்றது பாட்டால். நூமெனோரை வென்றது பேச்சால். கைதியாகக் கொண்டுபோனவன் மூன்று ஆண்டுக்குள் அரசனின் அந்தரங்க ஆலோசகன் ஆனான். சரணடைந்த 57-ஆவது ஆண்டில், 3319-இல், தீவு கடலுக்கடியில் இருந்தது. மிடில்-எர்த்தில் இதைவிடப் பெரிய வெற்றியை எந்தப் படையும் பெற்றதில்லை. இந்த ஆளுடன் மோதுகிறவன் கவனிக்க வேண்டியது கையை அல்ல, வாயை.

இனி ரேண்டின் ஆயுதங்கள். அவனுக்குக் கைவந்த கலை இடி மின்னல். அது இங்கே கைகொடுக்காது. நூமெனோரில் சௌரான் கட்டிய கோயில் 500 அடி விட்டமும் 500 அடி உயரமுமாக நின்றது. மேற்கிலிருந்து வந்த மின்னல் அதன் குவிமாடத்தைப் பிளந்தபோது சௌரான் உச்சியில் நின்றுகொண்டே இருந்தான், ஒன்றும் ஆகவில்லை. அன்றுதான் ஜனங்கள் அவனைக் கடவுள் என்றார்கள். நெருப்பும் பலிக்காது, கில்-கலாட் செத்ததே சௌரானுடைய கையின் சூட்டில் என்று அவன் கையிலிருந்து மோதிரத்தை வெட்டியெடுத்த எலெண்டிலின் மகன் இசில்டுர் எழுதிவைத்த ஏட்டில் இருக்கிறது. இன்னொரு ஆளாக இருந்தால் ஊற்றிலிருந்து துண்டித்துக் கவசம் போடலாம். சௌரான் எந்த ஊற்றிலிருந்தும் இழுப்பவன் இல்லை, துண்டிக்க அங்கே ஒன்றும் இல்லை.

படையை வைத்து மூழ்கடிக்கலாமே என்பார்கள். மாரடோன் நகரில் ரேண்ட் ஒற்றை ஆளாக டிரொலாக் என்ற மிருகமனிதர்களின் படையையே அழித்தவன், சௌரானின் அடியாட்களான ஓர்க்குகள் எம்மாத்திரம்? ஆனால் அதன்பின் அவனால் ஒழுங்காக நிற்கக்கூட முடியவில்லை. தன்னை இப்படிக் களைப்படைய வைப்பதுதான் எதிரிக்கு வேண்டும் என்று அவனுக்கே தெரியும். சௌரானிடம் ஓர்க்குகளுக்குப் பஞ்சமில்லை. முதல் நாள் படையை அனுப்பி இரண்டாம் நாள் தான் வருவதுதான் அவன் பாணி.

ஆக பேல்ஃபயர். பெயரில்தான் தீ. வெப்பத்தால் எரிப்பதில்லை, பட்டதன் இழையை உலகத்தின் நெசவிலிருந்தே உருவி எடுக்கிறது. அதுவும் பட்ட கணத்திலிருந்து பின்னோக்கி. எவ்வளவு சக்தியை ஊற்றுகிறோமோ அவ்வளவு தூரம் பின்னால் போகும். பட்டவன் செத்தது இப்போது இல்லை, கொஞ்ச நேரம் முன்பே. அந்த இடைவெளியில் அவன் செய்தவை நடக்காதவை ஆகிவிடும். கேம்லின் நகரில் ராவின் என்ற எதிரியின் மின்னலால் ரேண்டின் தோழன் மாட்டும் காதலி அவியெண்டாவும் செத்துக் கிடந்தார்கள். ரேண்ட் ராவினைப் பேல்ஃபயரால் எரித்ததும் இருவரும் சாகாதவர்கள் ஆனார்கள்.

சக்தியைப் பன்மடங்காக்கும் சோயடன் கால் என்ற கருவியின் ஆண்பாதியை வைத்து அடித்தால்? நாட்ரின்ஸ் பேரோவில் அதைத்தான் செய்தான். ஒரு கோட்டை முழுவதும், உள்ளே இருந்த அத்தனை பேரோடும் இல்லாமல் போனது. இருந்தும் குறிவைத்த எதிரி கிரெண்டால் தப்பிவிட்டாள். அவள் செத்தாளா என்று பார்க்க ரேண்ட் ஒரு சோதனை வைத்திருந்தான்: அவள் ஒருவன் மனத்தில் போட்ட கட்டு அழிந்திருந்தால் போட்டவளும் அழிந்துவிட்டாள் என்று அர்த்தம். கட்டு அழிந்தது. ஆனால் அவள் அதை வேறொரு கையால் போடவைத்துவிட்டு நழுவியிருந்தாள். அவளையே தப்பவிட்டவன் சௌரானிடம் என்ன பாடுபடுவான் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தவும் முடியாது. பழைய யுகத்துப் போரில் இரு தரப்பும் நகரங்களையே பேல்ஃபயரால் எரித்து, நெசவே பிரிந்துபோகும் நிலை வந்தபின்தான் இரு தரப்பும் கைவிட்டன.

இப்போது மோதிரத்துக்கு வருவோம். ஏழு கடல் ஏழு மலை தாண்டி, ஒரு கிளிக்குள் உயிரை ஒளித்துவைத்த மந்திரவாதியின் கதை கேட்காமல் நம்மில் யாரும் வளரவில்லை. சௌரானுடையது அதே ஏற்பாடு, ஒரு வித்தியாசத்தோடு: அந்தக் கிளிக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியும்.

மோதிரம் உலகில் இருக்கும்வரை சௌரானின் உடம்பை அழிப்பதால் காலம்தான் கிடைக்கும். நூமெனோரோடு உடம்பு போனபின் உடனே மோர்டோர் திரும்பிவிட்டான். அழகான தோற்றம் மட்டும் திரும்ப வரவில்லை. 3441-க்குப் பிறகு அதிக நாள் பிடித்தது, மூன்றாம் யுகம் 1100 வாக்கில்தான் டோல் குல்டுர் கோட்டையில் ஒரு தீய சக்தி குடியேறியது ஞானிகளுக்குத் தெரிந்தது. ஆகவே மூன்றாம் யுகத்துச் சௌரானை, அதாவது மோதிரம் வேறெங்கோ கிடக்கும் சௌரானை ரேண்ட் எரித்தால், மிஞ்சிப்போனால் ஓராயிரம் ஆண்டு ஓய்வு. வெற்றி என்று எழுதிக்கொள்ள மனம் வரவில்லை.

பின்னோக்கி எரித்து மோதிரத்தை வார்க்கும் முன்பே சௌரானை இல்லாமல் செய்துவிடலாமே என்று ஒரு புத்திசாலி கேட்பார். மோதிரம் வார்த்தது இரண்டாம் யுகம் 1600. 3441-லிருந்து எண்ணினாலே 1841 ஆண்டு. கதையில் பேல்ஃபயர் இந்தத் தொலைவின் பக்கத்தில்கூடப் போனதில்லை. போனால் உலகம் தாங்காது.

மோதிரத்தையே பேல்ஃபயரால் எரிக்க முடியுமா? அங்கலகோன் என்ற மகா டிராகனின் நெருப்பாலும் அதற்குச் சேதமில்லை என்று மந்திரவாதி காண்டால்ஃப் சொல்கிறார். அந்த உத்தரவாதம் நெருப்புக்கு எதிரானது. பேல்ஃபயர் நெருப்பு இல்லை. கல்தூணையும் கோட்டையையும் உருவியது மோதிரத்தையும் உருவும் என்றே எடுத்துக்கொள்கிறேன். சிக்கல் ஆயுதத்தில் இல்லை, அடிக்கிறவனிடம் இருக்கிறது. மோதிரத்தைக் காயப்படுத்தவோ வீசியெறியவோ எந்த மனத்திண்மையாலும், சௌரானுடையதாலும்கூட, முடியாது என்று டோல்கீன் கடிதத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறார். கதையின் தொடக்கத்திலேயே அதைக் காட்டிவிடுகிறார். பேக் எண்ட் என்ற தன் வீட்டில் நாயகன் ஃப்ரோடோ மோதிரத்தை அடுப்பில் எறியப் பார்க்கிறான். சாதாரணக் கணப்பு, அதில் அது சூடுகூட ஆகாது. கையை ஓங்குகிறான். பார்த்தால் மோதிரம் சட்டைப்பைக்குள் திரும்பியிருக்கிறது. இசில்டுர் எரிமலையின் பக்கத்திலேயே நின்றும் போடவில்லை. கடைசியில் ஃப்ரோடோவும் போடவில்லை; மோதிரத்துக்காக ஏங்கித் திரிந்த கோல்லும் அதைப் பறித்துக்கொண்டு தவறி விழுந்தான்.

ஆகவே ரேண்டுக்கு ஒரே ஒரு நல்ல வழிதான் இருக்கிறது. மோதிரம் சௌரானின் விரலில் இருக்கும்போது, எட்ட நின்று, சௌரானைக் குறிவைத்து அடிக்க வேண்டும். மோதிரத்தை அழிக்கும் எண்ணமே அவனுக்கு இருக்கக் கூடாது. ஆளோடு சேர்ந்து அது போய்விடும். சௌரான் மாயர் என்ற தேவ இனத்தவன், உலகம் உண்டாகும் முன்பே இருந்தவன். அந்த ஆவியை நெசவிலிருந்து உருவ முடியாது என்றே தோன்றுகிறது. மோதிரம் போனபின் அந்த ஆவியால் என்ன செய்ய முடியும் என்பதைத்தான் மூன்றாம் யுகம் 3019 மார்ச் 25 காட்டியது: வானத்தில் எழுந்த ஒரு கரிய உரு, ஒரு காற்று, அவ்வளவுதான்.

எந்த ரேண்ட் என்ற கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சோயடன் கால் கையில் இருக்கும் ரேண்ட் உச்சபட்ச பலசாலி. ஆனால் அவன் சிரிப்பதையும் அழுவதையும் விட்டுவிட்டு, தன்னைக் கல்லாக்கிக்கொண்ட ரேண்ட். இடுப்பிலேயே ஓர் உலகத்தை அழிக்கும் கருவியைச் சுமந்து திரிகிறவனுக்கு இன்னொரு கருவி கூச்சமாகவா இருக்கும்? மோதிரத்தைப் பார்த்தால் சக்தியைப் பெருக்கும் இன்னொரு கருவி, இன்னொரு சாயங்ரியல் என்றுதான் எடுத்துக்கொள்வான். எரெகியன் என்ற எல்ஃப் நாட்டில் அனடாராக, பரிசளிக்கும் பிரபுவாக வந்த சௌரானுக்கு இப்படிப்பட்ட வாடிக்கையாளன் லட்டு. ஒழுங்கு, திட்டம், இனி யாரும் சாக வேண்டாம் என்று பேச ஆரம்பித்தால், இந்த ரேண்ட் உட்கார்ந்து கேட்பான்.

டிராகன்மவுண்ட் உச்சியில் மனம் மாறியபின் வரும் ரேண்டிடம் அந்தப் பேச்சு எடுபடாது. தன் உலகத்துத் தீமைக்கே மூலமான இருளோனையே கொல்ல வாய்ப்புக் கிடைத்தும், தீமையே இல்லாத உலகத்து மனிதர்கள் வெற்றுக் கூடுகளாக இருப்பதைப் பார்த்து, கொல்லாமல் மூடிவைத்தவன் அவன். ஆனால் அந்த மலை உச்சியிலேயே சோயடன் காலை இயக்கும் சாவியை அவன் அழித்துவிட்டான். மிச்சம் இருப்பது காலண்டோர், அதே வகைக் கருவியான படிக வாள். அதற்குப் பாதுகாப்புத் தடுப்பு கிடையாது. அளவுக்கு மீறி இழுக்கவிடும். சீன்ஷான் என்ற படையெடுப்பாளர்களுக்கு எதிராக அதை எடுத்த ரேண்ட் கட்டுப்பாடு இழந்து தன் ஆட்களையே மின்னலால் கொன்றான். இரண்டு பெண்கள் சேர்ந்த வட்டத்தில், கடிவாளத்தை அவர்களிடம் கொடுத்தால்தான் அது பத்திரம். அதாவது நம்பத்தக்க ரேண்டுக்கு ஆயுதம் குறைவு, துணைக்கு ஆள் தேவை.

என் கணக்கில் அது போதும். 3441, மோதிரம் விரலில், பக்கத்தில் சக்தியை இழுக்கத் தெரிந்த நைனீவும் மொய்ரேனும், மந்திர வாசலைத் திறந்து திடீரென எதிரே வந்து நின்று முதல் அடி: ரேண்டுக்குப் பத்துக்கு ஏழு. பேச்சுக்கு நேரம் கொடுத்தால் இரண்டு. அடி சற்றே விலகி, கை மட்டும் துண்டாகி, மோதிரம் சாம்பலில் உருண்டால் பழைய கதைதான். இசில்டுர் குனிந்த அதே இடத்தில் இன்னொருவன் குனிவான். ஒரு நிபந்தனை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். போகும் முன் மோதிரத்தைப் பற்றி அவனிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது, நைனீவ் எவ்வளவு திட்டினாலும் சரி.