மேல்காட் தேக்குக் காட்டில் இரண்டு சின்ன ஆந்தைகள்

மகாராஷ்டிராவின் மேல்காட் காப்பகத்துக்குப் பலரும் புலி பார்க்கப் போகிறார்கள். நான் போனது ஒரு சாண் உயர ஆந்தைக்காக. பட்னேராவில் ரயிலிலிருந்து இறங்கி, பரத்வாடா தாண்டி, மலைப்பாதை வழியாக செமாடோ போய்ச் சேர்ந்தேன்.

ஃபாரஸ்ட் ஔலெட் என்ற இந்தப் பறவையை 1873-இல் பறவையியலாளர் ஹியூம் முதன்முதலில் அறிவியல் உலகுக்கு விவரித்தார். 1884-க்குப் பிறகு அது யார் கையிலும் சிக்கவில்லை. மெய்னர்ட்ஸ்ஹேகன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1914-இல் குஜராத்தில் ஒன்றைச் சுட்டதாகச் சொல்லிக்கொண்டார். அது அருங்காட்சியகத்திலிருந்து திருடிய, பாடம் செய்த பழைய மாதிரி என்று பின்னால் தெரிந்தது. ஒரு மனிதரின் பொய் எத்தனை பேரைத் தவறான இடத்தில் தேட வைத்திருக்கும்! அதை ஒதுக்கிவிட்டுப் பழைய மாதிரிகள் உண்மையில் கிடைத்த பகுதிக்குப் போன அமெரிக்கப் பறவையியலாளர் பமேலா ராஸ்முசெனின் குழு, 1997 நவம்பரில் மகாராஷ்டிராவின் ஷஹாதா அருகே உயிருள்ள பறவையைக் கண்டது.

எங்கள் வழிகாட்டி கோர்க்குப் பழங்குடி இளைஞர். இருட்டும்வரை காத்திருக்க வேண்டாம், இது பகலில் வேட்டையாடும் ஆந்தை என்றார். சொன்னபடியே நல்ல வெயிலில், இலை உதிர்த்த தேக்குக் கிளையில் உட்கார்ந்திருந்தது. மாலையில் ஓய்வில்லம் அருகே நம் புள்ளி ஆந்தையும் வந்ததால் ஒப்பிட வசதியாகப் போயிற்று.

புள்ளி ஆந்தையின் உச்சந்தலை முழுக்க வெள்ளைப் புள்ளிகள், பின்கழுத்தில் வெள்ளைப் பட்டை. ஃபாரஸ்ட் ஔலெட்டின் தலையில் புள்ளிகள் இல்லை என்றே சொல்லலாம். தலை பெரிது, அலகு தடிமன். ஆனால் எனக்குச் சட்டென்று பிடிபட்டது வயிறுதான்: புள்ளி ஆந்தைக்கு வயிற்றிலும் பழுப்புத் திட்டுகள் இறங்குகின்றன, இதற்கு நடுவயிறு அப்பழுக்கில்லாத வெள்ளை. கால்களிலும் அடர்ந்த வெள்ளை இறகு. அப்புறம் வால். அகலமான வெள்ளைப் பட்டைகள் போட்ட அந்த வாலைப் பக்கவாட்டில் வெடுக் வெடுக்கென்று ஆட்டுகிறது. புள்ளி ஆந்தையோ நம்மைக் கண்டால் தலையை மேலும் கீழும் ஆட்டும்.

புள்ளி ஆந்தை மாந்தோப்பு, சுவர்ப் பொந்து என எங்கும் பிழைத்துக்கொள்ளும். ஃபாரஸ்ட் ஔலெட்டுக்கோ பொந்துள்ள பெரிய மரங்கள் நிற்கும் காடு வேண்டும். அழியும் அபாயத்தில் உள்ள இனம் இது. அந்த மரங்களை வெட்டுவதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

மும்பைப் பக்கம் இருப்பவர்கள் மேல்காட் வரை போக வேண்டியதில்லை. 2014-இல் தான்சா காட்டிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். எனது அடுத்த பயணம் அங்கேதான்.