முன்னுரையை அடித்த பிறகு

பன்னிரண்டாம் வகுப்புத் தமிழில் எனக்கு 94. குறிப்புச்சட்டகம், முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று எந்தத் தலைப்புக்கும் கை தானாக எழுதும். முன்னுரையில் ஒரு குறள், முடிவுரையில் ஓர் உறுதிமொழி. பாளையங்கோட்டையில் கல்லூரியில் சேர்ந்து, இரண்டாம் ஆண்டில் கட்டுரை எழுதுவதற்கென்றே ஒரு தாள் வந்தபோது சந்தோஷப்பட்டேன். முதல் கட்டுரைக்கு 10க்கு 4 வந்தது.

இந்த ஜூனில் கல்லூரிக்குப் போகிறவர்களில் என்னைப் போல மனப்பாடத்தில் மார்க் வாங்கியவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கட்டுரையின் தலைப்பு 'எங்கள் ஆறு'. 'பொதிகையில் பிறந்து, வற்றாத ஜீவநதியாய் நெல்லைச் சீமையைச் செழிக்கச் செய்யும் தாமிரபரணி அன்னை' என்று தொடங்கியிருந்தேன். மேடம் திருப்பித் தந்த தாளில் சிவப்பு மையே இல்லை. ஓரத்தில் பென்சிலால் இரண்டு கேள்விகள் மட்டும் இருந்தன. 'ஏன் வற்றவில்லை?' 'தினமும் இந்த ஆற்றைத் தாண்டித்தானே வருகிறாய், அது இதில் எங்கே?'

முக்கூடலிலிருந்து வருகிற நான், திருநெல்வேலி ஜங்ஷனைக் கடந்து சுலோச்சன முதலியார் பாலத்தில் ஏறித்தான் பாளையங்கோட்டைக்குள் வர முடியும். 1843இல் கட்டிய பாலம். ஒரு வருஷத்துக்கு மேல் தினமும் இரண்டு தடவை அதில் போய்வந்திருக்கிறேன். கட்டுரையில் பாலமும் இல்லை, அதன்மேல் பஸ் நெரிசலில் நிற்கும்போது கண்ணில் படுகிற தண்ணீரும் இல்லை.

முதல் கேள்விக்கு நூலகத்தில் பதில் கிடைத்தது. பொதிகை மலைக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. அதனால்தான் ஆற்றில் நீரோட்டம் நிற்பதில்லை. அந்தத் தண்ணீரை வயலுக்குத் திருப்ப ஆற்றின் குறுக்கே 8 அணைக்கட்டுகள் இருக்கின்றன. கடைசியாக வருகிற ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது, மற்ற 7 அதற்கும் முந்தியவை. தாத்தா வாயில் 'கார்', 'பிசானம்' என்ற சொற்களை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இரண்டு மழைக்கு இரண்டு போகம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. கட்டுரையைத் திருத்தி மறுபடி எழுதிய இரண்டாம் படியில் 'ஜீவநதி', 'அன்னை' எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தாத்தாவின் இரண்டு போகத்தை வைத்தேன். உங்கள் கட்டுரையில் அடைமொழிகள் எங்கே குவிந்து கிடக்கின்றனவோ அங்கே பென்சிலால் ஒரு வட்டம் போடுங்கள். நமக்கு விஷயம் தெரியாத இடம் பெரும்பாலும் அதுதான்.

எங்கள் தாளுக்கு நான்கு கட்டுரைகள், ஒவ்வொன்றும் மூன்று படி. ஒரு படியையும் தூக்கிப் போடக் கூடாது, தேதி போட்டுக் கோப்பில் வைக்க வேண்டும். இரண்டாம் படி என்றால் எழுத்துப்பிழை திருத்திய முதல் படி என்றுதான் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் நினைத்தோம். அப்படி இல்லை என்பதை இரண்டாவது கட்டுரை எனக்குக் காட்டியது.

அது அம்மாவைப் பற்றியது. அம்மா பீடி சுற்றுகிறாள். 'என் தாய் இரவு பகலாகக் கடுமையாக உழைக்கிறார்' என்று எழுதியிருந்தேன். வகுப்பில் ஒருவர் படியை இன்னொருவர் படிக்க வேண்டும். 'நல்லாருக்கு' என்று சொல்லக் கூடாது, எங்கே நின்றோம் என்று மட்டும் சொல்ல வேண்டும். என் படியைப் படித்த வள்ளியூர்ப் பெண் அந்த வரியில் நின்றாள். "கடுமையான்னா என்ன செய்வாங்க? எனக்குப் பீடி சுத்துறதே தெரியாதுல்லா" என்றாள். சின்ன வயசிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து முனை மடக்கிக் கொடுத்தவள் நான். அவளுக்கு அந்த வேலையைக் கண்ணால் காட்ட என்னால் முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை நோட்டை வைத்துக்கொண்டு அம்மா எதிரில் உட்கார்ந்தேன். மடியில் சொளவு (முறம்), அதில் புகையிலைத் தூள், பக்கத்தில் நூல்கண்டு. 25 பீடி ஒரு கட்டு. ஆயிரம் பீடிக்கு 40 கட்டு. சாயங்காலம் பீடிக்கடையில் கட்டைப் பிரித்துப் பார்த்துச் சிலதைக் கழித்துப் போடுவார்கள், அதற்குக் கூலி கிடையாது. எழுதியதை ராத்திரி சத்தமாக வாசித்துக் காட்டினேன். அம்மா கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, வெட்டுன பொறவா எலய நனைப்பாவ? காஞ்ச எலய வெட்டுனா நொறுங்கிப் போயிரும்லா."

தினமும் பார்க்கிற வேலையின் வரிசையையே மாற்றி எழுதியிருந்தேன். மூன்றாம் படியில் நனைத்த இலையை ஈரச்சாக்கில் சுற்றி வைப்பதிலிருந்து தொடங்கினேன். 'கடுமையாக' என்ற சொல் எங்கும் வரவில்லை. அந்தக் கட்டுரைக்கு 8 கிடைத்தது. மார்க்கைவிட, வள்ளியூர்ப் பெண் அதைப் படித்துவிட்டு, கழித்துப் போட்ட பீடியை என்ன செய்வார்கள் என்று கேட்டதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. எழுதியதை அது யாரைப் பற்றியதோ அவரிடமே வாசித்துக் காட்டுங்கள். எந்த ஆசிரியராலும் பிடிக்க முடியாத பிழையை அவர்கள் பிடிப்பார்கள்.

ர, ற குழப்பம், ல, ள, ழ, சந்திப்பிழை எல்லாம் கடைசிப் படியில் பார்த்தால் போதும். மூன்றாம் படியில் எடுத்துவிடப் போகிற பத்திக்கு முதல் படியிலேயே ஒற்று போட்டுக்கொண்டிருப்பது வீண் உழைப்பு.

கோப்போடு ஒரு பக்கக் கடிதமும் கொடுக்க வேண்டும், நம் எழுத்தில் என்ன மாறியது என்று. 'நிறையக் கற்றுக்கொண்டேன்' என்று எழுதினால் மேடம் திருப்பித் தந்துவிடுவார். 'இரண்டாம் கட்டுரையில் மூன்றாம் பத்தியை முதலுக்குக் கொண்டுவந்தேன், ஏனென்றால்' என்று எழுத வேண்டும். அந்தக் கடிதத்துக்காக நான்கு கட்டுரைகளின் படிகளையும் தரையில் பரப்பிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. நான்கிலும் நான் எடுத்து எறிந்தது முதல் பத்தியை. என் முன்னுரைகள் எல்லாம் எழுத உட்காருவதற்கு முன் கையை உதறிக்கொள்வது போலத்தான் இருந்திருக்கின்றன.

செமஸ்டர் தேர்வில் மூன்று படிக்கு நேரம் இல்லை. கடைசிப் பக்கத்தில் பத்து நிமிடம் குறிப்பு எடுத்தேன், முதல் பத்தியை எழுதினேன், வாசித்துப் பார்த்தேன். ஸ்கேல் வைத்து அதன் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு, அதற்குக் கீழிருந்து கட்டுரையைத் தொடங்கினேன்.