வேலூரில் அம்மாவுக்குப் பிளேட்லெட் கிடைத்த விதம்

அம்மாவுக்கு ரத்தப் புற்றுநோய், ஏஎம்எல் வகை என்று தெரிந்ததும் வேலூர் சிஎம்சிக்குக் கூட்டிப் போனோம். கீமோ, முடி உதிர்வது, செலவு எல்லாவற்றுக்கும் மனதைத் தேற்றிக்கொண்டுதான் போனோம். பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள், அதைப் பற்றி மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை. இதே வழியில் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். கர்த்தர் எங்களுக்குச் செய்ததைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

கீமோவுக்குப் பிறகு, ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை கொஞ்ச காலம் ஓய்ந்துவிடும். 1,50,000-க்கு மேல் இருக்க வேண்டிய பிளேட்லெட் மளமளவென்று இறங்கும். 10,000-க்குக் கீழே போனால் அடிபடாமலே ரத்தம் கசியலாம். ஏற்றியே ஆக வேண்டும். கொடுக்க வருகிறவர் 50 கிலோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், கையில் நல்ல நரம்பு வேண்டும், மூன்று நாட்களுக்குள் ஆஸ்பிரின் போட்டிருக்கக் கூடாது. முதலில் சாம்பிள் எடுத்துச் சோதிப்பார்கள். சரி என்றால், ரத்தத்திலிருந்து பிளேட்லெட்டை மட்டும் பிரித்தெடுக்கும் மெஷினில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். ஒருமுறை கொடுத்தவர் அடுத்த 48 மணி நேரத்துக்குக் கொடுக்க முடியாது. எடுத்த பை ஐந்து நாள்தான் தாங்கும், அதுவும் ஆட்டிக்கொண்டே வைத்தால். வேதத்தில் இஸ்ரவேலருக்கு அன்றன்றைக்கென்று வானத்திலிருந்து கிடைத்த வனாந்தரத்து மன்னாவைப் போல, சேர்த்து வைக்கவே முடியாது. சின்ன வயதிலிருந்து பரமண்டல ஜெபத்தில் 'இன்று எங்களுக்குத் தாரும்' என்று சொல்லி வருகிறேன். அதை வயிற்றில் நெருப்போடு சொன்னது வேலூரில்தான்.

தம்பி கொடுத்தான். சித்தப்பா மகனுக்கு நரம்பு சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை அம்மாவின் எண்ணிக்கை 8,000. வருவதாகச் சொன்ன பையனுக்குக் காய்ச்சல். லாட்ஜ் மாடிப்படியில் நின்றுகொண்டு தெரிந்த எண்களுக்கெல்லாம் போன் போட்டேன். பிறகு அங்கேயே உட்கார்ந்து ஜெபித்தேன். வசனம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. "ஆண்டவரே, ஓ பாசிட்டிவ் ஒருத்தர், இன்றைக்கே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

எதிர் அறையில் ஜார்க்கண்டிலிருந்து அப்பாவின் சிறுநீரக வைத்தியத்துக்கு வந்த ஒரு தம்பி இருந்தார். வாடகை அடுப்பில் அவர் சப்பாத்தி சுடுவதைப் பார்த்திருக்கிறேன், பேசியது கிடையாது. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஹிந்தி தெரியாது. நான் போனில் அழுததில் 'பிளேட்லெட்' மட்டும் புரிந்திருக்கிறது. தன் டிரைவிங் லைசென்ஸை எடுத்து வந்து ரத்த வகை இருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். ஓ பாசிட்டிவ்.

அன்று ராத்திரியே அம்மாவுக்கு ஏறியது. அவர் ஆட்டோ காசுகூட வாங்கவில்லை. மறுநாள் கொடுத்தனுப்பிய மீன் குழம்பை மட்டும் வாங்கிக்கொண்டார். அவர் கிறிஸ்தவர் இல்லை. அந்தப் படியில் என் ஜெபத்துக்கு வந்த பதில் அவர்தான் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அதற்கப்புறம் அம்மா தினமும் ராத்திரி ஜெபத்தில் அவருடைய அப்பாவை மறக்கவேயில்லை.

ஊரில் உபதேசியார் ஞாயிறு ஆராதனையில் அம்மா பெயரைச் சொல்லி ஜெபித்திருக்கிறார். யாரிடமும் நாங்கள் பணம் கேட்கவில்லை. சோறு பொங்கும்போதெல்லாம் கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கிற எங்கள் சபைப் பெண்கள், தங்களுக்குள் பிரித்த பணத்தை ஒரு கவரில் போட்டு என் தம்பியிடம் கொடுத்துவிட்டார்கள். அதில் பத்து ரூபாய் நோட்டுகளும் இருந்தன. பீடி சுற்றிச் சேர்த்த காசு என்று எங்களுக்குத் தெரியும். அம்மா அந்தக் கவரை வெகு நேரம் மடியிலேயே வைத்திருந்தார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. பக்கத்துக் கட்டிலில் இருந்த அக்காவுக்கும் பிளேட்லெட் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. அவர்கள் வீட்டாரும் எங்களைப் போலவே முழங்காலில் நின்றார்கள். அந்த அக்கா பிழைக்கவில்லை. எங்களுக்கு ஏன் அப்படி, அவர்களுக்கு ஏன் இப்படி என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. சாட்சி சொல்ல எழுந்து நிற்கும்போதெல்லாம் அவர்கள் முகம் முன்னால் வருகிறது. அதனால் 'விசுவாசம் இருந்தால் எல்லாம் சரியாகும்' என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.

அம்மா இப்போது செக்கப்புக்கு மட்டும் போய் வருகிறார். சிகிச்சைக்குக் கிளம்புகிறவர்கள், கீமோ தொடங்கும் முன்பே சொந்தத்தில் யார் யாருக்கு என்ன வகை, யாரால் கிளம்பி வர முடியும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவரை வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். லாட்ஜில் எதிர் அறைக்காரரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். அவருக்கும் ஏதாவது தேவைப்படலாம்.